வெள்ளைத் துணியும் ஓயாத புள்ளிகளும்: விஷுவல் ஸ்னோ பாதிப்புக்கு மைண்ட்ஃபுல்னெஸ் சிகிச்சை அளித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்தப் பதிவுக்குரியவர் திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் துணித் தரப் பரிசோதகராக வேலை பார்க்கும், முப்பது வயதை நெருங்கும் ஆண். மனைவி, கைக்குழந்தை, தாயார் ஆகியோருடன் வசிக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

அவருடைய வேலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் நோயின் போக்கிலும் சிகிச்சையிலும் அதற்குப் பெரிய பங்கு இருந்தது. செக்கிங் மெஷினில் பின்னாலிருந்து விளக்கு எரிய, துணி மெல்ல மேலேறிக்கொண்டே இருக்கும். ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசிக் கோடு, லைக்ரா கட் என்று எதுவும் கண்ணுக்குத் தப்பாமல் அவர் பார்க்க வேண்டும். குறையின் நீளத்தைப் பொறுத்து 1 முதல் 4 வரை பாயிண்ட் போட்டு, ரோலுக்கு மொத்தம் கூட்டி, அது தேறுமா தேறாதா என்று முடிவு செய்ய வேண்டும். பல ஆண்டுகள் இப்படிக் குறையைத் தேடியே பழகிய கண் அவருடையது. துணியில் பெரும்பகுதி வெள்ளை.

ஒரு நாள் கடுமையான ஒற்றைத் தலைவலிக்குப் பிறகு, வெள்ளைத் துணியின் மேல் மிக நுண்ணிய புள்ளிகள் நடுங்கிக்கொண்டிருப்பதைக் கண்டார். முதலில் துணியில்தான் ஏதோ தூசி என்று நினைத்துக் கையால் தட்டியிருக்கிறார். அடுத்த ரோலிலும் அதே புள்ளிகள் தெரிந்தன. வீட்டுச் சுவரிலும் வானத்திலும் தெரிந்தன. "சானல் வராத பழைய டிவி மாதிரிங்க மேடம், கண்ண மூடினாலும் ஓடுதுங்க" என்பது முதல் சந்திப்பில் அவர் தந்த விவரிப்பு. விஷுவல் ஸ்னோ எனப்படும் இந்தப் பாதிப்பு உள்ளவர்கள் உலகெங்கும் ஏறத்தாழ இதே சொற்களில்தான் தங்கள் பார்வையை விவரிக்கிறார்கள்.

எங்களிடம் வருவதற்கு முன்

மூக்குக்கண்ணாடிக் கடையில் பவர் மாற்றிப் பார்த்தும் பயன் இல்லை. கண் மருத்துவமனை ஒன்றில் பார்வைத் திறன், கண் அழுத்தம், விழித்திரை, பார்வைப் புலம், விழித்திரை அடுக்குகளைப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேன் ஆகிய அனைத்தும் இயல்பாக இருந்தன. அங்கே அவரிடம் "எல்லாம் நார்மல், மனசுல எதையும் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இல்லாததைப் பார்ப்பதாகத் தன்னை நினைக்கிறார்கள் என்ற எண்ணம் அன்றுதான் அவருக்குள் புகுந்தது. கண் நன்றாக இருக்கிறது என்ற செய்தி உண்மையானது, நிம்மதி தரக்கூடியதும்கூட. ஆனால் அதோடு பேச்சை நிறுத்திவிட்டால், கண்ணெதிரே இடைவிடாமல் தெரியும் ஒன்றுக்கு விளக்கமே இல்லாமல் அந்த மனிதர் வீடு திரும்ப நேர்கிறது. தாயார் ஒரு கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டிவந்தார்.

சில மாதங்கள் கழித்து நரம்பியல் மருத்துவரைப் பார்த்தார். எம்.ஆர்.ஐ., ஈ.இ.ஜி. இரண்டும் இயல்பாக இருந்தன. மருட்சி தரும் போதைப்பொருட்களுக்குப் பின்னும் இதையொத்த பார்வைக் கோளாறு நீடிக்கக்கூடும் என்பதால் அதைப் பற்றியும் கேட்டு, அப்படி எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, விஷுவல் ஸ்னோ சிண்ட்ரோம் என்று மருத்துவர் பெயரிட்டார். பார்வைப் புலம் முழுவதும் ஓயாது அசையும் நுண்புள்ளிகள் மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்க வேண்டும். அதோடு, பார்த்த உருவம் அகன்ற பின்னும் சற்று நேரம் நிற்பது, மிதக்கும் இழைகளும் நீல வானில் துள்ளும் ஒளித்துகள்களும் மிகையாகத் தெரிவது, வெளிச்சக் கூச்சம், இரவுப் பார்வைக் குறைவு ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும் என்பது கிறிஸ்டோஃப் ஷாங்கின், பீட்டர் கோட்ஸ்பி குழுவினர் 2014-இல் வகுத்த அளவுகோல். இவருக்கு நான்குமே இருந்தன. இந்தப் பாதிப்புள்ளவர்களிடம் அடிக்கடி காணப்படும் ஒற்றைத் தலைவலியும் காதிரைச்சலும் இவருக்கும் இருந்தன.

வலிப்பு நோய்க்குத் தரப்படும் லாமோட்ரிஜின் மருந்தை மிகக் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்திப் பார்த்தார்கள். சிலருக்கு இது ஓரளவு உதவியதாகப் பதிவுகள் உண்டென்றாலும் பெரும்பாலானோருக்குப் பலன் கிடைப்பதில்லை, இவருக்கும் கிடைக்கவில்லை. மருந்தை மெல்லக் குறைத்து நிறுத்திய பிறகே, மைண்ட்ஃபுல்னெஸ் சிகிச்சை, அதாவது நடப்பதைத் தீர்ப்பிடாமல் கவனிக்கப் பழக்கும் சிகிச்சை, அளிக்கும் எங்களுக்கு நரம்பியல் மருத்துவர் கடிதம் எழுதினார்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. திடீரென ஒரு கண்ணில் மட்டும் மின்னல் வெட்டுவது, புதிதாகக் கரும்புள்ளிகள் கொத்தாகத் தோன்றுவது, பார்வையின் ஓரத்தில் திரை விழுவது ஆகியவை விழித்திரை விலகலின் அறிகுறிகளாக இருக்கலாம். அவற்றுக்கு அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். கீழே விவரிக்கப்படும் எதுவும் கண் பரிசோதனையும் நரம்பியல் பரிசோதனையும் முழுமையாக முடிந்தவர்களுக்கு மட்டுமே பொருந்தும்.

முதல் சந்திப்புகளில் கவனித்தவை

வந்தபோது அறைக்குள்ளும் கூலிங் கிளாஸ் அணிந்திருந்தார். பேசும்போது ஒரு கண்ணை மூடிச் சுவரைப் பார்ப்பதும், பிறகு மறு கண்ணால் பார்ப்பதுமாக இருந்தார். கேட்டபோது, தான் அப்படிச் செய்வது தனக்கே தெரியவில்லை என்றார். நாட்குறிப்பு எழுதச் சொன்னதில் இந்தச் சோதிக்கும் பழக்கத்தின் முழு அளவு தெரிந்தது. காலையில் கண் விழித்ததும் கூரையைப் பார்த்து, புள்ளிகள் நேற்றைவிடக் கூடியிருக்கின்றனவா என்று ஒப்பிடுவார். மதியம் மொட்டை மாடிக்குப் போய் வானத்தைப் பார்ப்பார். இரவில் எல்லோரும் தூங்கிய பின் செல்பேசியில் இது குருட்டில் முடியுமா என்று தேடுவார். அந்த இருட்டு அறையில் செல்பேசி வெளிச்சத்தை இமைக்காமல் பார்த்துவிட்டு விளக்கை அணைத்ததும் பின்பிம்பம் நீண்ட நேரம் நிற்கும். நோய் முற்றிவிட்டதற்கு அதுவே சான்று என்று எடுத்துக்கொள்வார்.

புள்ளிகள் எவ்வளவு துலக்கமாகத் தெரிகின்றன, அவை எவ்வளவு வேதனை தருகின்றன என்ற இரண்டையும் தனித்தனியே 0 முதல் 10 வரை மதிப்பிடச் சொன்னோம். துலக்கத்துக்கு 7, வேதனைக்கு 9 என்றார். இரண்டும் வேறு வேறா என்று அவர் கேட்ட கேள்வியில்தான் எங்கள் வேலை தொடங்கியது. மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றுக்கான வினாப்பட்டியல்களில் இரண்டுமே மிதமான அளவில் இருந்தன. உயிரை விடும் எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்டோம். "இப்படியே இருந்துட்டா என்ன பண்றதுன்னு தோணுமுங்க, ஆனா அந்த நெனப்பெல்லாம் இல்லீங்க" என்றார். மனைவியின் முன்னிலையில் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாரமும் இதே கேள்வியை மீண்டும் கேட்டோம்.

வேலையில் அவரைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். அக்கறையுடன் செய்த ஏற்பாடுதான். ஆனால் வெள்ளைத் துணியைத் தன்னால் இனி பார்க்கவே முடியாது என்ற முடிவுக்கு அது அவரைக் கொண்டுபோயிருந்தது.

இந்தச் சிகிச்சையை ஏன் தேர்ந்தெடுத்தோம்

விஷுவல் ஸ்னோவில் கோளாறு விழித்திரையில் இல்லை, கண் அனுப்பும் செய்தியை மூளை கையாளும் விதத்தில் இருக்கிறது என்பதே இன்றைய பொதுவான கருத்து. மூளையின் செயல்பாட்டைக் காட்டும் பெட் ஸ்கேன் ஆய்வுகளில், பார்வையைப் பகுத்தறியும் பகுதிகளுள் ஒன்றான லிங்குவல் கைரஸ் இவர்களிடம் மிகையாகச் செயல்படுவது காணப்பட்டது. எல்லோருடைய கண்ணிலும் மிதக்கும் இழைகள் உண்டு. நீல வானத்தை உற்றுப் பார்த்தால் விழித்திரைத் தந்துகிகளில் ஓடும் வெள்ளணுக்கள் ஒளித்துகள்களாகத் தெரியும். மூளை அவற்றைத் தேவையற்றவை என்று தள்ளிவிடுவதால் நாம் கவனிப்பதில்லை. அந்தத் தள்ளிவிடும் வேலை இவர்களிடம் சரிவர நடப்பதில்லை என்று கருதப்படுகிறது. எது முக்கியம், எதை விட்டுவிடலாம் என்று தீர்மானிக்கும் மூளை வலையமைப்புகளும் இதில் பங்கு கொள்கின்றன என்பதால்தான் கவனத்தைப் பயிற்றுவிக்கும் சிகிச்சைக்கு இங்கே இடம் பிறக்கிறது.

லண்டனில் நரம்பியல்-கண் மருத்துவர் சூயி வாங் குழுவினர், மனச்சோர்வு மீண்டும் வராமல் தடுப்பதற்காக உருவான எட்டு வார மைண்ட்ஃபுல்னெஸ் அறிவாற்றல் சிகிச்சையைப் பார்வைப் பிரச்சினைக்கு ஏற்ப மாற்றி, விஷுவல் ஸ்னோ உள்ள 21 பேருக்கு அளித்தார்கள். பயிற்சிக்குப் பின் அறிகுறிகளின் தீவிரமும் வாழ்வில் அவற்றின் பாதிப்பும் குறைந்தன; பார்வை சார்ந்த மூளை வலையமைப்புகளின் இணைப்பிலும் மாற்றம் தெரிந்தது. எனினும் அது சிறிய ஆய்வு, ஒப்பீட்டுக் குழு இல்லாதது. இந்த இரண்டு குறைகளையும் மறைக்காமல் அவரிடம் சொன்னோம். புள்ளிகள் மறைந்துவிடும் என்ற வாக்குறுதியைத் தர முடியாது, அவற்றோடு உங்களுக்குள்ள உறவு மாறக்கூடும், அதனால் அவற்றின் துலக்கமும் ஒருவேளை குறையலாம் என்று கூறியபோது வெகுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு, இதுவரை யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை, அதற்காகவே வருகிறேன் என்றார்.

பயிற்சியில் செய்த மாற்றங்கள்

மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சிகள் பெரும்பாலும் 'கண்களை மெல்ல மூடிக்கொள்ளுங்கள்' என்ற வாக்கியத்தில் தொடங்குகின்றன. விஷுவல் ஸ்னோ உள்ளவருக்கோ மூடிய கண்ணுக்குள்தான் வண்ண மேகங்களும் சுழல்களும் மிகையாகத் தோன்றும். அமைதிக்கென்று சொல்லப்படும் முதல் கட்டளையே அவரை அச்சத்தின் நடுவில் கொண்டுபோய் நிறுத்திவிடும். ஆகவே முதல் மூன்று வாரங்களுக்கு எல்லாப் பயிற்சியையும் கண் திறந்தபடியே செய்வதென்றும், வெள்ளைச் சுவரை விடுத்துப் பல நிறக் கோலம் கொண்ட போர்வையின் மேல் பார்வையை இருத்துவதென்றும் முடிவு செய்தோம். சொரசொரப்பும் நிறமும் கலந்த பரப்பில் புள்ளிகள் அவ்வளவாக எடுத்துத் தெரிவதில்லை.

கவனத்தை நிறுத்த எதைப் பற்றுக்கோடாகக் கொள்வது என்பது அடுத்த கேள்வி. ஒலியைக் கொள்ளலாம் என்றால் காதிரைச்சல் குறுக்கிட்டது. மூச்சைக் கொண்டபோது பதற்றம் கூடி, மூச்சையும் சோதிக்கத் தொடங்கினார். இறுதியில் துணியையே எடுத்துக்கொண்டோம். சிங்கிள் ஜெர்சி என்ற மெல்லிய பின்னல் துணித் துண்டு ஒன்றை மடியில் வைத்து, கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் இடையே மெல்ல உருட்டச் சொன்னோம். அதன் எடையையும் பதத்தையும் பற்றிப் பேசத் தொடங்கியபோது அவருடைய தோள்கள் இறங்கியதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. தொட்டவுடன் ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) சொல்லக்கூடிய விரல்கள் அவை; மாதக்கணக்கில் பயத்தில் கழிந்த உடம்பில் அவர் இன்னும் நம்பிய பகுதியும் அவைதான்.

குடும்பத்தாரோடு ஒரு தனிச் சந்திப்பு நடத்தினோம். "இன்னிக்கு எப்படி இருக்குதுங்க?" என்று மனைவி தினமும் கேட்பது அன்பினால்தான் என்றாலும், அந்தக் கேள்வி அவரைத் தினமும் சோதிக்க வைக்கிறது என்று விளக்கி, அதற்குப் பதிலாக வேலையைப் பற்றியோ குழந்தையைப் பற்றியோ பேசுமாறு கேட்டுக்கொண்டோம். வெயிலில் கூலிங் கிளாஸ் அணியலாம் என்றும், அறைக்குள் அணியும் நேரத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்றும் கண் மருத்துவருடன் பேசி முடிவு செய்தோம். எந்நேரமும் இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு வெளிச்சக் கூச்சம் மேலும் கூடும்.

எட்டு வாரங்களின் போக்கு

முதல் இரண்டு வாரங்கள் பெரிய மாற்றமின்றிக் கழிந்தன. மூன்றாம் வாரத்தில் புள்ளிகள் கூடிவிட்டன என்று கலக்கத்துடன் வந்தார். உடன் வந்த தாயார், "இதையே நெனச்சுக்கிட்டு உக்காரச் சொல்றீங்களே, அப்புறம் எப்படிங்க மேடம் மறக்கும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி அது. மறக்கச் செய்வது இந்தச் சிகிச்சையின் வழியன்று. மறக்க வேண்டும் என்று முயலும்போதெல்லாம், மறந்துவிட்டோமா என்று சரிபார்க்க நேர்கிறது, சரிபார்த்தால் புள்ளி தெரிகிறது என்று அம்மாவிடம் விளக்கினோம். எனினும் பயிற்சியை மூன்று மூன்று நிமிடங்களாகச் சுருக்கினோம். தொடக்கத்தில் கவனம் கூடுவதால் அறிகுறி கூடியதுபோல் தோன்றலாம் என்று முன்பே சொல்லியிருந்தது அந்த வாரத்தில் அவரைத் தாங்கிப் பிடித்தது.

நான்காம் வாரம் கண்களைப் பாதி மூடித் தரையைப் பார்க்கும் பயிற்சியும், பிறகு சில மூச்சுகளுக்கு மட்டும் முழுவதும் மூடும் பயிற்சியும் தொடங்கின. முதல் முறை, "உள்ள கலர் கலரா சுத்துதுங்க" என்று சட்டெனக் கண் திறந்தார். திறக்கலாம், துணியைத் தொடலாம், விரும்பினால் மீண்டும் மூடலாம் என்ற சுதந்திரம் இருந்ததால் அடுத்தடுத்த முறை சற்றுக் கூடுதல் நேரம் இருக்க முடிந்தது.

ஐந்தாம் வாரத்தில்தான் திருப்பம் வந்தது. அந்த வாரப் பயிற்சி, புள்ளிகளிலிருந்து விலகாமல் அவற்றையே நேராகப் பார்ப்பது. சாம்பல் நிறத் துணியொன்றைச் சுவரில் தொங்கவிட்டு, அதன் மேல் தெரிவதை, ஒரு ரோலுக்கு அறிக்கை எழுதுவதுபோல எழுதச் சொன்னோம். ஆனால் பாயிண்ட் போடக் கூடாது என்று ஒரே ஒரு நிபந்தனை. அளவு, வேகம், நிறம், ஓரத்தில் அதிகமா நடுவில் அதிகமா என்று எழுதிக்கொண்டே வந்தவரின் பேனா இரண்டு முறை தானாகவே ஓரத்துக்குப் போய் எண் எழுத முயன்றது. இரண்டாம் முறை அவரே அதைக் கவனித்து நிறுத்தினார். காலையில் கூரையைப் பார்ப்பதும் மதியம் வானத்தைப் பார்ப்பதும் தன் பார்வைக்குத் தானே பாயிண்ட் போட்டுத் தேறாது என்று தள்ளும் வேலைதான் என்பதை அவராகவே சொன்னார். நாங்கள் எவ்வளவு விளக்கியிருந்தாலும் அவர் தன் தொழில் வழியாகக் கண்டடைந்த இந்தத் தெளிவுக்கு ஈடாகியிருக்காது. புள்ளிகள் இருப்பது ஒரு தகவல். அது கூடியதா குறைந்ததா, தேறுமா தேறாதா என்பது தீர்ப்பு. தீர்ப்பை நிறுத்தினால் தகவல் வெறும் தகவலாகத் தங்கிவிடுகிறது.

ஆறாம் வாரம் ஷிப்மென்ட் நெருக்கடி. தூக்கமில்லை, கடும் ஒற்றைத் தலைவலி வந்தது, இரவுத் தேடலும் திரும்பியது. நரம்பியல் மருத்துவர் தலைவலிக்குத் தடுப்பு மருந்தைத் தொடங்கினார். அந்த வாரம் பயிற்சியைக் கைவிடாமல், வேலை இடைவேளையில் மூன்று நிமிடம் துணியைத் தொட்டு நிற்பது என்ற அளவில் வைத்துக்கொண்டோம். ஏழாம், எட்டாம் வாரங்களில் வாரத்துக்குச் சில மணி நேரம் செக்கிங் மெஷினுக்குத் திரும்ப நிறுவனத்துடன் பேசி ஏற்பாடு செய்தார். முதலில் நிறத் துணி, அடுத்து பல நிற இழைகள் கலந்த மெலாஞ்ச், கடைசியில் வெள்ளை.

விளைவு

எட்டாம் வார முடிவில் புள்ளிகளின் துலக்கம் 7-லிருந்து 6 ஆகவும், வேதனை 9-லிருந்து 5 ஆகவும் குறைந்திருந்தன. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது துலக்கம் 6-லேயே நின்றது, வேதனை 3 ஆனது. மனச்சோர்வும் பதற்றமும் லேசான அளவுக்கு இறங்கியிருந்தன. அறைக்குள் கூலிங் கிளாஸ் இல்லை. முழுநேரமும் செக்கிங் வேலைக்குத் திரும்பிவிட்டார். "புள்ளி போகலீங்க. அதத் தேடிப் போறது கொறஞ்சிருச்சுங்க" என்றார்.

மாறாதவையும் உண்டு. இரவில் எதிரே வரும் வண்டியின் முகப்பு விளக்கு கடந்து போன பின்னும் அதன் பிம்பம் சாலையில் நிற்கிறது. இருட்டுச் சாலையில் இருசக்கர வாகனம் ஓட்டுவதில்லை என்று தாமாகவே முடிவெடுத்திருக்கிறார். அதை நாங்களும் ஆதரித்தோம். இது தவிர்த்தல் பழக்கம் என்று கருதித் துணிச்சலூட்ட வேண்டிய இடம் அன்று. காதிரைச்சலிலும் மாற்றம் இல்லை.

விளைவை எப்படி எடைபோடுவது

ஒருவரின் முன்னேற்றத்தைக் கொண்டு சிகிச்சையின் பலனை நிறுவ முடியாது. ஆறாம் வாரத்தில் தொடங்கிய தலைவலித் தடுப்பு மருந்தும், அதனால் சீரான தூக்கமும், கடைசியில் நோய்க்கு ஒரு பெயர் கிடைத்த நிம்மதியும், குடும்பத்தார் கேள்வியை மாற்றிக்கொண்டதும் இதில் பங்கு கொண்டிருக்கும். ஆனால் மருந்து தொடங்குவதற்கு முன்பே, ஐந்தாம் வாரத்திலேயே, சோதிக்கும் பழக்கம் நாட்குறிப்பில் தெளிவாகக் குறையத் தொடங்கியிருந்தது. துலக்கம் சிறிதே மாறி வேதனை பெரிதும் இறங்கியதும், கவனத்தின் வழியாகவே மாற்றம் வந்தது என்ற எங்கள் எண்ணத்தோடு பொருந்துகிறது.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

கண் மூடினால் என்ன தெரிகிறது, காதில் இரைச்சல் உண்டா என்ற இரண்டு கேள்விகளும் இனி எந்தக் கவனப் பயிற்சிக்கும் முன்பாக எங்கள் முதல் சந்திப்புப் படிவத்திலேயே இடம்பெறும். ஒற்றைத் தலைவலி இருப்பவர்களுக்கு அதன் சிகிச்சையைச் சீராக்கிய பிறகே எட்டு வாரங்களைத் தொடங்குவது நல்லது; நடுவில் ஒரு கடும் தாக்குதல் வந்தால் பயிற்சியின் மீதான நம்பிக்கையே ஆட்டம் காண்கிறது. குடும்பச் சந்திப்பை முதல் வாரத்துக்கே கொண்டுவந்து, மூன்றாம் வாரத்தில் எழக்கூடிய கேள்விக்கு முன்னதாகவே விடை தருவோம். அறிகுறிகளை நேராகப் பார்க்கும் பயிற்சிக்கு, எல்லோருக்கும் ஒரே கையேட்டைத் தராமல், அவரவர் தொழிலிலிருந்தே வடிவம் எடுப்போம். கடும் மனச்சோர்விலோ மனச்சிதைவிலோ இருப்பவர்களுக்கு இந்தப் பயிற்சியைத் தள்ளிவைத்து, முதலில் அதற்குரிய சிகிச்சையை அளிக்க வேண்டும் என்ற விதியில் மாற்றம் இல்லை.

அவருடைய அடுத்த சந்திப்பு நரம்பியல் மருத்துவருடன் சேர்ந்து நடக்க இருக்கிறது. தலைவலித் தடுப்பு மருந்தை எவ்வளவு காலம் தொடர்வது என்பதையும், இரவு ஷிப்டு வரும் வாரங்களில் வீடு திரும்ப நிறுவனத்தின் வண்டியை ஏற்பாடு செய்ய ஒரு மருத்துவக் கடிதம் தருவதையும் அன்று முடிவு செய்கிறோம்.